வானத்திலிருந்து இறங்கிய வாளி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பணியில் இருந்தபோது ஒரு தேர்தலுக்குக் குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் வாக்குச்சாவடி அலுவலராகப் போனேன். இயந்திரப் பெட்டிகள் குதிரை மேல், நாங்கள் காலில். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது உடன் வந்த இளைய ஆசிரியர், "ஒரு சின்ன பிளேன்ல வந்து பெட்டிய மேல போட்டுட்டுப் போனா எவ்வளவு நல்லா இருக்கும் சார்" என்றார். குதிரை பிடித்து வந்த முதுவர் பெரியவர் சிரித்தார். "பெட்டியப் போட்ரலாம் சார். விரல்ல மை வைக்க ஆள் நடந்துதான வரணும்?"

அந்தப் பேச்சு எனக்கு மறக்கவில்லை. பிறகு ஈக்வடார் நாட்டில் நடந்த ஒரு வரலாற்றைப் படித்தபோது, அந்தப் பெரியவர் சொன்னதுதான் அதன் சாரம் என்று தோன்றியது.

நம் மலைகளிலேயே தொடங்குகிறேன். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் கோடைக்கானலில் வீடு கட்டினார்கள். பெரியகுளம் பக்கமிருந்து நடந்தும், ஆள் சுமக்கும் நாற்காலிகளிலும்தான் ஏறினார்கள். டாப் ஸ்டேஷனில் இருந்து கொட்டகுடிக்கு மூணாறு தேயிலை கம்பிவடத்தில் தொங்கி இறங்கியது. மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதை '99 வெள்ளம்' என்பார்கள். ஆக, தேயிலைப் பெட்டி ஆகாயத்தில் இறங்கிய காலத்திலும் மனிதர்கள் நடந்தார்கள்.

பாதை இல்லாத இடத்துக்கு விமானத்தில் போகலாம் என்ற எண்ணம் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு வலுப்பெற்றது. 1945-ல், போரில் விமானம் ஓட்டிய சில கிறிஸ்தவர்கள் அமெரிக்காவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிற்காலத்தில் மிஷன் ஏவியேஷன் ஃபெல்லோஷிப் என்று பெயர் பெற்றது அதுதான். அதன் முதல் பயணத்தை 1946-ல் ஓட்டியவர் ஒரு பெண், பெட்டி கிரீன். பைபிள் மொழிபெயர்ப்பு ஊழியர்களை ஏற்றிக்கொண்டு மெக்சிகோ போனார். பிரிட்டனில் இதே எண்ணத்துடன் கிளம்பிய ஜாக் ஹெம்மிங்ஸ், போர்க்காலத்தில் கல்கத்தாவில் இருந்து வங்காள விரிகுடா மேல் பறந்த விமானி. அவரும் ஸ்டூவர்ட் கிங்கும் 1948-ல் சிறு விமானத்தில் ஆப்பிரிக்காவைச் சுற்றி, எங்கெங்கே விமானம் தேவை என்று பார்த்தார்கள். புருண்டி மலையில் விமானம் மோதி நொறுங்கியது. இருவரும் பிழைத்தார்கள்.

அதே 1948-ல் ஈக்வடாருக்குப் போனவர் நேட் செயிண்ட். ஷெல் எண்ணெய்க் கம்பெனி விட்டுப்போன ஷெல் மேரா என்ற இடத்தில் தங்கி, காட்டுக்குள் இருந்த மிஷனரிகளுக்கு மருந்தும் உணவும் கொண்டுபோனார். நாள்கணக்கில் நடக்க வேண்டிய தூரம் நிமிடக்கணக்கில் முடிந்தது.

தரையிறங்க இடமில்லாத ஊருக்கு என்ன செய்வது? அதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். ஆயிரம் அடிக்கு மேல் நீளமான கயிற்றின் நுனியில் ஒரு வாளி. விமானம் வட்டமடிக்கும்போது காற்றின் எதிர்ப்பால் கயிறு பின்தங்கி உள்பக்கமாகச் சுருள்கிறது. வாளி வட்டத்தின் நடுவே ஏறக்குறைய அசையாமல் நிற்கும். திருவிழா ராட்டினத்தில் நாற்காலி வெளிப்பக்கம் போகும் அல்லவா, இங்கே நீளமும் காற்றும் சேர்ந்து அதை நேர்மாறாக்குகின்றன. கீழே இருப்பவர் வாளியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், திருப்பியும் வைக்கலாம்.

1955 அக்டோபரில் அந்த வாளி வாவோரானி மக்களின் குடியிருப்பு மேல் இறங்கியது. வெளியாட்களை நெருங்கவிடாதவர்கள் அவர்கள். ரப்பர் காலத்துக் கொடுமைகளை அந்தக் காடு கண்டிருந்தது. பாத்திரம், துணி, கத்தி என்று வாரந்தோறும் பரிசுகள் இறங்கின. கீழிருந்து இறகுக் கிரீடமும் உயிருள்ள கிளியும் மேலே வந்தன. நட்பு உண்டாகிவிட்டது என்று ஐந்து இளைஞர்கள் நம்பினார்கள்.

1956 ஜனவரி 3 அன்று குராரை ஆற்று மணல் திட்டில் இறங்கினார்கள். மூன்று நாள் கழித்து ஒரு ஆணும் இரண்டு பெண்களும் வந்தார்கள். அந்த ஆணை விமானத்தில் ஏற்றி அவர் ஊர் மேலேயே சுற்றிக்காட்டினார் நேட். ஜனவரி 8 அன்று ஐவரும் ஈட்டியால் கொல்லப்பட்டார்கள்.

ஏன்? வாவோரானியர் பின்னாளில் சொன்னதில் இருந்து தெரிவது இது. விருந்தாளியாக வந்த மூவருக்குள் ஒரு சொந்த விவகாரம். ஊரார் கோபத்தைத் திசைதிருப்ப, வெளியாட்கள் தாக்கினார்கள் என்று ஒரு பொய் சொல்லப்பட்டது. இதெல்லாம் மேலே வட்டமடித்தவருக்கு எப்படித் தெரியும்? ஐவருக்கும் தெரிந்த மொழியோ சில வாக்கியங்கள். ஊரை விட்டு ஓடிவந்து வெளியே வாழ்ந்த தயூமா என்ற வாவோரானிப் பெண்ணிடம் கேட்டு மனப்பாடம் செய்தவை.

1958-ல் அந்தத் தயூமா தன் ஊருக்குத் திரும்பிப் போனார். பின்னாலேயே நேட்டின் அக்கா ரேச்சலும், கொல்லப்பட்ட ஜிம் எலியட்டின் மனைவி எலிசபெத்தும் போனார்கள். எலிசபெத்தோடு மூன்று வயது மகள். படகிலும் நடையிலும் போய், கொன்றவர்களின் ஊரிலேயே குடிசையில் தங்கி மொழி கற்றார்கள். வாளி தொடங்கிவைத்த உறவு அங்கேதான் உறவானது. அதன் பிறகும் விமானம் வந்தது, பொருள் கொடுத்தது. ஆனால் துணையாகத்தான்.

இதை முழு வெற்றிக் கதையாகச் சொல்ல மாட்டேன். ஒரே இடத்தில் மக்கள் கூடியபின் 1969-ல் போலியோ பரவி உயிர்கள் போயின. அவர்கள் விட்டு வந்த காட்டில் எண்ணெய்க் கம்பெனிகள் நுழைந்தன. கொல்லும் பழக்கம் குறைந்தது என்பதும் உண்மை, வாழ்ந்த காடு சுருங்கியது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

2018 மார்ச் 11 ஞாயிறு. குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேற வந்த பிள்ளைகள் சிக்கிக்கொண்டார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஆனால் அந்த இரவில் இருட்டிலும் புகையிலும் முதலில் மேலே போய், வெந்த உடல்களைப் போர்வையில் கட்டித் தோளில் சுமந்தவர்களில் நம் மலைக்கிராமத்து மக்கள் முன்னால் நின்றார்கள். இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். பிழைத்தவர்களுக்கு அந்தத் தோள்கள்தான் முதல் வண்டி.

ஹெலிகாப்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் சீக்கிரம் வேண்டும், இன்னும் நிறைய வேண்டும். மலையில் பிரசவ வலி வந்தவளை இன்றும் டோலியில் இறக்கும் நிலை மாறத்தான் வேண்டும். ஆனால் மேலிருந்து இறக்கியதோடு கடமை முடிந்தது என்று எந்த அதிகாரியும், எந்த ஊழியரும், எந்த ஆசிரியரும் நினைக்கக் கூடாது.

மை வைக்க ஆள் நடந்துதான் வரணும். அந்தப் பெரியவர் இன்று இல்லை. அவருக்கு என் வணக்கம்.

குரங்கணி, கொட்டகுடிப் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரிய நண்பர்கள் தங்கள் அனுபவங்களைக் கீழே எழுதுங்கள்.