இல்லாத கால் வலிக்குமா?

தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயருக்குச் சமமான தரை என்று பொருள். பெயர் ஊருக்குப் பொருந்தலாம். தேயிலை மலைக்குப் பொருந்தாது. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் இம்மலையில் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நம்மவர் நின்றதும் நடந்ததும் சரிவில்தான். முதுகில் கூடை, கண் கொழுந்தின் மேல், இரு கையும் கிள்ளிக்கொண்டே இருக்கும். அப்படி மேலேறிய நம் பாட்டிமார், கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்ததில்லை. காலே தன் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

இதை இன்று பேச ஒரு காரணம் உண்டு. எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவருக்கு இனிப்பு நீரால் புண் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். வீடு திரும்பிய சில நாளில், "கட்டை விரல் மடங்கிக் கிடக்குதும்மா, கொஞ்சம் நீட்டி விடு" என்று மகளைக் கேட்டார். அவர் காட்டியது எடுத்துப் போன காலின் விரலை. மகள் அழுதுவிட்டாள். அக்கம்பக்கத்தார் சிலர் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். ஒருவர் மந்திரிக்கச் சொன்னார். அதன்பின் பெரியவர் வாய் திறக்கவில்லை. இரவெல்லாம் வலியோடு விழித்துக் கிடந்தார்.

அவர் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, பதினாறாம் நூற்றாண்டில், ஆம்புரோஸ் பாரே என்ற பிரெஞ்சுப் படை மருத்துவர் இதை எழுதி வைத்திருக்கிறார். 1797-இல் போரில் வலக்கையை இழந்த ஆங்கிலக் கடற்படைத் தலைவர் நெல்சனுக்கும் அந்தக் கை இருப்பது போலவே தோன்றியதாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களைப் பார்த்த வேயர் மிட்செல் என்ற மருத்துவர், 1871-இல் இதற்குப் 'பேய் உறுப்பு' என்று பொருள்படும் பெயரை வைத்தார். பெயர்தான் பேய், பேய்க்கும் இதற்கும் தொடர்பில்லை.

பின் எதனால்? எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொடச் சொல்வோம். தொட்டுவிடுவார்கள். பார்க்கவில்லை, ஆனாலும் கை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. ஐம்புலன்களில் சேராத இந்த உணர்வைச் சார்ல்ஸ் பெல் 1826-இல் தசையின் உணர்வு என்று விளக்கினார். 1906-இல் ஷெரிங்டன் இதற்குத் தனிப்பெயரே கொடுத்தார். தசைகளுக்குள் நூற்கும் கதிரைப் போன்ற மிக நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. தசை நீளும்போது அவையும் நீண்டு, நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உள்காதில் உள்ள மூன்று வளைகுழாய்களில் நீர் அசைந்து, தலை எப்பக்கம் திரும்பியது என்று சொல்கிறது. தாப்பாவிலிருந்து மலையேறும் பேருந்தில் நமக்குக் குமட்டுவது இதனால்தான்: காது 'வளைகிறோம்' என்கிறது, முன் இருக்கையையே பார்த்திருக்கும் கண் 'அசையவில்லை' என்கிறது. கண்ணும் காதும் தசையும் ஒத்துச் சொன்னால் உடல் நிலைகொள்ளும்.

இந்தச் செய்திகளை வாங்கும் மூளையில் உடலின் படம் ஒன்று வரையப்பட்டிருக்கிறது. முகத்துக்கு ஓர் இடம், கைக்கு ஓர் இடம், காலுக்கு ஓர் இடம். மருத்துவர் காலை எடுக்கலாம். படத்தில் உள்ள காலை யார் எடுப்பது?

இங்கே நம் தமிழர் ஒருவர் வருகிறார். வி. எஸ். ராமச்சந்திரன் 1951-இல் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பின்னர் அமெரிக்காவில் சாண்டியாகோவில் பேராசிரியர் ஆனவர். 1990-களில் அவர் கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டபோது, இல்லாத கையின் விரலையும் தொட்டதாக அவர் சொன்னார். மூளைப் படத்தில் முகமும் கையும் பக்கத்து வீடுகள். ஒரு வீடு காலியானதும் அடுத்த வீட்டுச் செய்தி அங்கும் நுழைந்துவிட்டது என்று ராமச்சந்திரன் விளக்கினார்.

இல்லாத கை இறுக மூடிக்கொண்டு நகம் உள்ளங்கையில் குத்துகிறது என்று துடித்தவர்களும் அவரிடம் வந்தார்கள். அவர்களுக்கு அவர் செய்த கருவி, மூடியில்லாத ஒரு பெட்டி. நடுவே நிறுத்திய முகம் பார்க்கும் கண்ணாடி. அவ்வளவுதான். நல்ல கையைக் கண்ணாடியின் முன் நீட்டினால், அதன் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும். நல்ல கையை மெல்ல விரித்தார்கள். எதிரே இழந்த கையும் விரிவதைக் கண் பார்த்தது. சிலருக்கு மூடியிருந்த கை திறந்துகொண்டது. விலையுயர்ந்த இயந்திரங்கள் பெருகிய காலத்தில் சில வெள்ளி மதிப்புள்ள ஒரு கண்ணாடி இதைச் செய்தது என்பதில் எங்களுக்குத் தனி மகிழ்ச்சி.

2007-இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்த 6 பேருக்கும் வலி குறைந்தது. பின்னர் நடந்த சோதனைகள் எல்லாம் இவ்வளவு நன்றாக அமையவில்லை; எல்லாருக்கும் பலிக்கும் மருந்தல்ல இது. மருத்துவரிடமோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடமோ சொன்னால் கண்ணாடிப் பயிற்சியையும், இவ்வகை வலிக்கென்று உள்ள மாத்திரைகளையும் பற்றிக் கூறுவார்கள். சொல்வதற்கு முதலில் வீட்டார் நம்ப வேண்டும்.

இன்னொன்று. இரவில் தூக்கக் கலக்கத்தில் எழுபவருக்குக் கால் இருப்பதாகவே உணர்வு சொல்லும். இல்லாத காலை ஊன்றி, விழுந்துவிடுவார். எங்கள் பெரியவரும் ஒருமுறை அப்படி விழுந்தார். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. இப்போது அவர் மகள் படுக்கப் போகுமுன், கட்டிலின் அந்தப் பக்கத்தில் ஒரு கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஊன்றுகோலை அதன் மேல் சாய்த்து வைக்கிறாள். சிறு விளக்கும் எரிகிறது. எழுந்திருக்கும்போது முதலில் அவர் கை நாற்காலியைத் தொடும். "விரல் இன்னிக்கு எப்படி இருக்குப்பா?" என்றும் அவள் கேட்கிறாள். அவரும் சொல்கிறார்.