கம்பியில்லா மின்கருவிப் பற்றரிகள்: சூடான ஊர்களில் மின்னேற்றமும் சேமிப்பும்

கம்பியில்லா மின்கருவிப் பற்றரி என்பது றில், கிறைண்டர், வெட்டுவாள், திருகுபூட்டி முதலான கைக்கருவிகளைக் கரண்ட் வயர் இல்லாமல் இயக்கும், கழற்றி மாட்டக்கூடிய, திரும்பத் திரும்ப மின்னேற்றத்தக்க மின்கலத் தொகுதி. இன்று விற்பனையிலுள்ளவற்றில் பெரும்பாலானவை லித்தியம் அயன் வகை. இவற்றோடு வரும் கையேடுகள் குளிர்நாட்டு வாசகரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை போலிருக்கும். உறைகுளிரில் மின்னேற்றாதே, சார்ஜரை நனைய விடாதே என்பவற்றுக்கு அவற்றில் தாராளமாக இடமுண்டு. திருகோணமலை மாவட்டத்தின் வடக்கே, குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள திரியாயில் உறைகுளிர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே ஒரு பற்றரியின் ஆயுளையும் ஆபத்தையும் பெரும்பாலும் தீர்மானிப்பது அது சார்ஜரில் இருக்கும் ஒரு மணி நேரம் அன்று. சார்ஜரை விட்டு இறங்கியபின் முழு நிறைவோடு தகரக் கூரையின் கீழ்க் கிடக்கும் மிச்ச நேரம்.

திரியாய் 1985 இல் மக்கள் இடம்பெயர்ந்த ஊர். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு சிறுகச் சிறுகத் திரும்பியவர்கள் வீடு, மதில், கிணற்றுக்கட்டு என எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. இத்தகைய ஊரில் மேசனுக்கும் ஓடாவிக்கும் கம்பியில்லாக் கருவி ஆடம்பரப் பொருள் அல்ல. கூரை ஏறாத கட்டடத்துக்குக் கரண்ட் வந்திராது. வந்தாலும் நம்பியிருக்க முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. காலநிலையைப் பார்த்தால், வைகாசி முதல் ஆவணி வரை வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையின் சராசரி உச்ச வெப்பம் 34, 35 பாகை செல்சியஸ். அது நிழலில் அளந்த கணக்கு. கதவு சாத்திய தகரக் கொட்டிலுக்குள்ளும், வெயிலில் நிற்கும் முச்சக்கரவண்டியின் பின்பெட்டியிலும் வெப்பம் அதைத் தாண்டிப்போகும். கண்ணாடி ஏற்றி மூடிய வாகனத்துக்குள் 60 பாகையைத் தொடுவதும் உண்டு. தயாரிப்பாளர்களில் சிலர் சேமிப்புக்கான மேல் எல்லையை 40 பாகை என்றும் சிலர் 50 பாகை என்றும் குறிக்கிறார்கள். குளிர்நாட்டில் ஆண்டுக்குச் சில நாள் மட்டும் மீறப்படக்கூடிய அந்த எல்லை இங்கே மத்தியானம்தோறும் மீறப்படலாம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் 1961 இல் நிக்கல் கட்மியக் கலங்களில் இயங்கும் றில்லை வெளியிட்டது. சோனி 1991 இல் லித்தியம் அயன் கலத்தை வணிகப் பொருளாக்கியது. 2005 இல் மில்வோக்கி, மக்கிட்டா போன்ற நிறுவனங்கள் அதைக் கைக்கருவிகளுக்குள் கொண்டுவந்தன. பழைய நிக்கல் கட்மியம் பழக்கிவிட்ட வழக்கங்களில் ஒன்று, முழுக்க இறக்கி முழுக்க ஏற்றுவது. தச்சுப் பட்டறைகளில் இன்றும் ஓதப்படும் இந்த வழக்கம் லித்தியம் அயனுக்குப் பொருந்தாதது மட்டுமல்ல, கெடுதலும்கூட.

18 வோல்ட் பற்றரி ஒன்றைத் திறந்தால் 3.6 வோல்ட் கலங்கள் ஐந்து தொடராக இணைந்திருக்கும். முழுதாக நிறையும்போது ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் வரை ஏறும். பெட்டியில் “20 வோல்ட் மாக்ஸ்” என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் இதே ஐந்து கலம்தான். கூடுதல் வலு எதையும் அது தருவதில்லை. 5 அம்பியர்மணிப் பற்றரி என்றால் அநேகமாக 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட பத்துக் கலங்கள் இரண்டு நிரையாக இருக்கும். அதன் மொத்தச் சக்தி 90 வாட்மணி. கிணற்றிலிருந்து அள்ளிய ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான அளவு. அவ்வளவு சக்தியையும் பென்சிற்கரி மின்வாய்க்கும் உலோக ஒட்சைட்டு மின்வாய்க்கும் நடுவே பிரித்து நிறுத்துவது, தலைமயிரை விட மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒன்று. கலம் 80 பாகையைத் தாண்டினால் மின்வாய்மேல் படிந்த காப்புப் படலம் சிதையத் தொடங்கும். 130 பாகை அளவில் அந்தத் தாள் உருகும். 200 பாகையை அண்மிக்கையில் ஒட்சைட்டு தன் ஒட்சிசனை வெளிவிடும். அதன்பிறகு வெளியிலிருந்து வெப்பமோ காற்றோ தேவையில்லை. கலம் தானே தன்னைச் சூடாக்கி, அடுத்த கலத்தையும் இழுத்துக்கொண்டு எரியும்.

தகரக் கூரை எந்தப் பற்றரியையும் 80 பாகைக்குக் கொண்டுபோகாதே என்று கேட்கலாம். உண்மைதான். கொட்டிலின் சூடு நேரடியாகத் தீ மூட்டுவதில்லை. அது கலத்தைத் தேய்க்கிறது. பற்றரித் தேய்வு பற்றிப் பரவலாக எடுத்தாளப்படும் அளவீடுகளின்படி, 25 பாகையில் 40 வீத நிறைவோடு ஓராண்டு வைத்த லித்தியம் அயன் கலத்தில் 96 வீதக் கொள்ளளவு மிஞ்சுகிறது. அதே வெப்பத்தில் முழு நிறைவோடு வைத்ததில் 80 வீதம். 40 பாகையில் 40 வீத நிறைவோடு வைத்தால் 85. முழு நிறைவோடு வைத்தால் 65. சூடும் முழு நிறைவும் ஒன்றுசேரும்போது, எந்த வேலையும் செய்யாமலே பற்றரி மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. ஆபத்து இந்த இழப்போடு முடிவதில்லை. ஐந்து கலமும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. ஒன்று முந்திப் பலவீனமானால், மின்னேற்றும்போது அது மற்றவற்றுக்கு முன்பே 4.2 வோல்ட்டை அடையும்; வேலை செய்யும்போது மற்றவற்றுக்கு முன்பே வற்றும். ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே கண்காணிக்காத மலிவுப் பற்றரியில் அந்த ஒன்று அளவுமீறி ஏற்றப்படும். சார்ஜரில் நடக்கும் விபத்துக்கான காரணம் பல மாதங்களுக்கு முன் கொட்டிலில் விழுந்ததாக இருக்கலாம்.

இதற்கு மறுப்பாக முதலில் சொல்லப்படுவது, செய்தியில் வரும் தீவிபத்துகள் மின்னேற்றும்போது நடப்பவையாகவே இருக்கின்றன என்பது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் இரவு மின்னேற்ற வைத்த மின்ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் செக்கந்தராபாத்தில் மின்ஸ்கூட்டர் காட்சியறையில் தொடங்கிய தீ மேல்மாடி விடுதிக்குப் பரவி எட்டுப் பேர் மாண்டார்கள். அவ்வாண்டில் நடந்த இத்தகைய தீவிபத்துகளை அடுத்தே இந்தியா வாகனப் பற்றரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 விதியை இறுக்கியது. மின்ஸ்கூட்டரின் பற்றரி கருவிப் பற்றரியைப் போல இருபது, முப்பது மடங்கு பெரியது என்றாலும் உள்ளிருக்கும் வேதியியல் ஒரே குடும்பம்தான். ஆகவே மின்னேற்ற நேரம் பாதுகாப்பானது என்று இங்கே வாதிடவில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் காவல் போட்டுவிட்டு மற்ற நேரத்தைக் கைவிடுவதுதான் தவறு.

உள்ளேயே பாதுகாப்புச் சுற்று இருக்கிறதே என்பது இரண்டாவது மறுப்பு. நல்ல நிறுவனப் பற்றரிகளில் வெப்ப உணரி உண்டு. வேலை முடிந்து சுடச்சுட சார்ஜரில் மாட்டினால் விளக்கு மட்டும் மின்னும், ஆறும்வரை ஏற்றம் தொடங்காது. ஆனால் அந்தச் சுற்றால் மின்னோட்டத்தை நிறுத்த முடியுமே தவிர, கொட்டிலைக் குளிரூட்ட முடியாது. அலுமாரியில் கிடக்கும் பற்றரி சூடேறுகிறது என்று அறிந்தாலும் அது செய்யக்கூடியது எதுவுமில்லை. இன்னொன்று: சில நிறுவனங்களில் இந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதி பற்றரிக்குள் இல்லை, கருவிக்குள்ளும் சார்ஜருக்குள்ளும் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பற்றரியை இன்னொரு நிறுவனத்தின் றில்லில் மாட்ட உதவும் அடப்டர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகின்றன.

எப்போது மின்னேற்றுவது என்ற கேள்வி இங்கே உண்மையிலேயே சிக்கலானது. கையேடுகள் 10 முதல் 40 பாகைக்குள் ஏற்று என்கின்றன. திரியாயில் ஆனி, ஆடி மாதங்களில், தகரக் கூரையின் கீழ், அது இரவையும் விடியற்காலையையும் குறிக்கும். தீயணைப்பாளர்களோ, வீட்டார் உறங்கும்போது ஏற்றாதே என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது, பொழுது பட்டபின் வீட்டார் படுக்கும்வரை உள்ள நேரமும் விடிகாலையும். அது போதும். 5 அம்பியர்மணிப் பற்றரியை வேகச் சார்ஜர் முக்கால் மணி நேரத்தில் நிரப்பும். 2 அம்பியர் ஓட்டமுள்ள சாதாரண சார்ஜருக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடும். வேலையால் வந்ததும் பற்றரியைக் கழற்றிச் சீமெந்துத் தரையில் ஆறவிட்டு, இராச் சாப்பாட்டு நேரத்தில் ஏற்றி, படுக்குமுன் சார்ஜரிலிருந்து எடுத்துவிடலாம். வாசற்கதவுக்கு முன்னால் ஏற்றக்கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எரிந்தால் வெளியேறும் வழியையே அது மறிக்கும். பெற்றோலும் வைக்கோலும் நைலோன் வலையும் குவிந்த மூலையும் ஆகாது.

காலையில் முழுப் பற்றரி இல்லாமல் வேலைக்குப் போக முடியுமா, 40 வீதக் கணக்கெல்லாம் ஓடாவிக்கு ஒத்துவருமா என்று கேட்பது நியாயம். நாளைக்கு வேலை இருந்தால் இன்றிரவு நிரப்புவதில் பிழையில்லை. சில மணி நேர நிறைவு பற்றரியைக் கெடுக்காது. வேலை இல்லாத வாரத்துக்கு முன் நிரப்பி வைப்பதுதான் கெடுக்கும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையே கொட்டும் இந்தப் பகுதியில் கட்டட வேலை வாரக்கணக்கில் நின்றுபோவதுண்டு. அப்போது பற்றரியின் நிறைவைக் காட்டும் நான்கு விளக்கில் இரண்டு எரியும் அளவில் அதை விட்டு, கருவியிலிருந்து கழற்றி, முனை மூடியைப் போட்டு, வீட்டின் குளிர்ந்த அறையில் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் படியும்.

கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருவியில் மாட்டியபடியே விட்டால் உள்ளிருக்கும் மின்சுற்று சிறுசிறு ஓட்டத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாதங்கள் போனால் கலம் 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். அந்த நிலையில், பென்சிற்கரி மின்வாயைத் தாங்கும் செப்புத் தகடு மின்பகுபொருளில் கரையத் தொடங்குகிறது. மீண்டும் ஏற்றும்போது கரைந்த செப்பு தாறுமாறாகப் படிந்து கலத்துக்குள்ளேயே குறுஞ்சுற்றை உண்டாக்கலாம். செத்த பற்றரியைச் சார்ஜர் ஏற்க மறுப்பது இதனால்தான். அதை நல்ல பற்றரியோடு வயரால் இணைத்து “எழுப்பும்” கைவேலை, சார்ஜர் செய்த பரிசோதனையைத் தட்டிக்கழிப்பது. பழைய மடிக்கணினியின் கலங்களைக் கழற்றிக் கருவிப் பற்றரிக்குள் போடுவதும் அப்படித்தான். அளவு ஒத்துப்போகும், ஆனால் கிறைண்டர் திணறும்போது ஒவ்வொரு கலத்திடமிருந்தும் 15 அம்பியரும் அதற்கு மேலும் இழுக்கப்படும். மடிக்கணினிக் கலம் அதில் மூன்றில் ஒரு பங்குக்கே செய்யப்பட்டது.

கடல் அருகிலிருப்பது தனி விஷயம். உப்புக்காற்றில் முனைத் தகடுகள் பச்சை பூக்கும், தடை கூடும், கூடிய இடம் சூடாகும். உலர்ந்த துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். படகில் வேலை செய்யும்போது பற்றரி கடலில் விழுந்தால் கதை வேறு. உப்புநீர் மின்னைக் கடத்துவது. உலர்ந்தபின் மிஞ்சும் உப்பும் அரிப்பும் சில நாள் கழித்தும் குறுஞ்சுற்றை உண்டாக்கும். 2022 இல் இயன் சூறாவளி புளோரிடாவுக்குள் கடலைக் கொண்டுவந்தபின், வெள்ளத்தில் நின்ற மின்கார்கள் நாட்கள் கழித்து எரிந்தது இதனால்தான். அத்தகைய பற்றரியை மின்னேற்றவே கூடாது. ஆணி, திருகாணி, கிறைண்டர் இரும்புத்தூள் உள்ள பையில் மூடியில்லாப் பற்றரியைப் போடுவதும் இதே குறுஞ்சுற்றுக்கான வழி.

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புவோர் கொண்டுவரும் கருவிகளும் இப்பகுதிகளில் புழங்குகின்றன. அமீரகச் சார்ஜர் நம் 230 வோல்ட்டுக்கும் 13 அம்பியர் பிளக்குக்கும் சரியாக வரும். 120 வோல்ட்டுக்கு மட்டும் எனக் குறித்த அமெரிக்கச் சார்ஜர் வராது. விமானத்தில் உதிரிப் பற்றரி கைப்பையில் மட்டுமே அனுமதி. 100 வாட்மணி வரை விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவையில்லை என்பது பொதுவிதி. 18 வோல்ட் 5 அம்பியர்மணி அதற்குள் அடங்கும், 6 அம்பியர்மணி 108 ஆகி எல்லையைத் தாண்டும்.

எல்லாம் மீறித் தீப்பிடித்தால், திருகோணமலை நகரிலிருந்து திரியாய்க்குத் தீயணைப்பு வண்டி வருவதற்கு 40 கிலோமீற்றருக்கு மேல் உண்டு. 110 ஐ அழைத்துவிட்டு ஆட்களை வெளியேற்றுவதே முதல் வேலை. புகையில் ஐதரசன் புளோரைட்டு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். அதற்குள் புகுந்து பற்றரியைத் தூக்கப் போகக்கூடாது. லித்தியம் என்றால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்ற நம்பிக்கை உலோக லித்தியத்துக்கு உரியது. லித்தியம் அயன் கலத்தில் லித்தியம் பெரும்பாலும் சேர்வையாகவே இருக்கிறது. சார்ஜரின் கரண்டைப் பிரதான சுவிட்சில் நிறுத்தியபின் எட்ட நின்று நிறையத் தண்ணீர் அடிப்பதே பற்றரியைக் குளிர்விக்கும். காபனீரொட்சைட்டும் உலர்தூளும் சுவாலையை அடக்கினாலும் சூட்டை எடுப்பதில்லை, அதனால் பற்றரி மறுபடி மூளும். அணைந்த பற்றரியையும், வீங்கியது, விழுந்து ஓடு வெடித்தது, ஏற்றும்போது ஒரு பக்கம் மட்டும் சுடுவது போன்றவற்றையும் வீட்டிலிருந்து தள்ளி, வெறும் மண்ணில், மழை படாமல் வைக்க வேண்டும். குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவதும், இரும்பு வாங்க வருபவரின் சாக்கில் போடுவதும் தீயை இன்னொருவர் முற்றத்துக்கு அனுப்புவதாகும்.