கலமும் களமும்

மீத்தேன் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 1653 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை அது விழுங்கிவிடும். தூரத்தில் நின்றே கசிவைப் பிடிக்கும் லேசர் கருவிகளில் பல இந்தக் குணத்தை நம்பித்தான் இயங்குகின்றன. குழாய்மீதோ சுவர்மீதோ பட்டுத் திரும்பும் ஒளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, வழியில் எவ்வளவு வாயு இருந்தது என்று சொல்கின்றன. அப்படிச் சொல்வது சரியா என்று சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அளவு தெரிந்த வாயுவை அடைத்து மூடிய சிறு கலம். மற்றது, அளவு தெரிந்த வாயுவை வேண்டுமென்றே கசியவிடும் திறந்தவெளிக் களம். ஒன்றில் வாங்கிய சான்றிதழ் மற்றதற்கும் செல்லும் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

கலத்தின் கணக்கு எளிது. இந்தக் கருவிகள் அளப்பது செறிவை மட்டுமல்ல, செறிவையும் அது பரவியிருக்கும் நீளத்தையும் பெருக்கி வருவதை. அலகு பி.பி.எம்.-மீட்டர்; பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு விழுக்காடு மீத்தேன் கலந்த நைட்ரஜனைப் பத்து சென்டிமீட்டர் நீளக் கலத்தில் அடைத்தால், 10,000 பி.பி.எம். பெருக்கல் 0.1 மீட்டர், ஆக 1,000 பி.பி.எம்.-மீட்டர். கருவி அந்த எண்ணைக் காட்ட வேண்டும். (கலத்தைக் கருவியின் வாயருகே வைத்தால் ஒளி போகும்போதும் வரும்போதும் அதனூடே செல்கிறது. இதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் எல்லாமே இரட்டிப்பாகிவிடும்.) கலவையைத் தயாரிப்பவர்கள் வாயுவைத் தராசில் நிறுத்துச் சேர்ப்பதால், அந்த எண்ணின் வேரை நாட்டின் எடைத் தரம்வரை பின்தொடர்ந்து போகலாம். களத்தில் இந்த அளவு உறுதி கிடைப்பது கடினம்.

கலத்தை வேண்டாம் என்று ஒதுக்கவே முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. குறைகடத்தி லேசரின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அதன் அலைநீளம் ஏறக்குறைய 0.1 நானோமீட்டர் நகர்ந்துவிடும். மீத்தேன் ஒளியை விழுங்கும் அந்தக் கோட்டின் அகலமே அதைவிடக் குறைவு. வெயிலில் வைத்த கருவி தன் இலக்கையே தவறவிட்டு, "கசிவு இல்லை" என்று சாதுவாகச் சொல்லக்கூடும். அதனால்தான் பல கருவிகளுக்குள்ளேயே ஒரு குட்டிக் கலம் வைத்து, லேசரை அந்தக் கோட்டிலேயே கட்டிப்போடுகிறார்கள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பெட்டியோடு வரும் சோதனைக் கலத்தை ஒரு முறை பார்க்கச் செய்வதும் இதற்காகத்தான்.

ஆனால் படிக்கல் சரியாக இருப்பதாலேயே துள்ளும் மீனைச் சரியாக நிறுத்துவிட முடியாது. கலத்துக்குள் இருக்கும் வாயு அசைவதில்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஃபோர்ட் காலின்ஸ் நகரில், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் மெடெக் என்ற சோதனைத் தளத்தை நடத்துகிறது. பார்வைக்கு எரிவாயு வயல் மாதிரியே இருக்கும். கிணற்றுத் தலைகள், பிரிகலன்கள், தொட்டிகள் எல்லாம் உண்டு. அடியில் கிணறு மட்டும் கிடையாது. உபகரணங்களுக்குள் மறைத்துவைத்த மெல்லிய குழாய்கள் வழியே, ஓட்ட அளவி காட்டும் வேகத்தில் வாயுவைத் திறந்துவிடுவார்கள். எங்கே, எவ்வளவு, எப்போது என்பது கருவியோடு வந்தவர்களுக்குத் தெரியாது. சில வேளைகளில் எதையுமே திறக்கமாட்டார்கள். என் பார்வையில் களத்தின் மிகப் பெரிய பலம் இந்தச் சும்மா இருக்கும் நேரம்தான். வாயு அடைத்த கலம் "தெரிகிறதா?" என்று மட்டுமே கேட்கிறது. இல்லாததைக் கண்டதாகக் கருவி சொல்லுமா என்று களம்தான் கேட்கிறது.

கலத்தில் இல்லாத தொல்லைகள் இங்கே வரிசைகட்டி நிற்கின்றன. சாதாரணக் காற்றிலேயே ஏறக்குறைய 1.9 பி.பி.எம். மீத்தேன் இருக்கிறது. 30 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரைப் பார்த்தால், கசிவே இல்லாமல் 57 பி.பி.எம்.-மீட்டர் சேர்ந்துவிடும். சுவர் தள்ளிப்போனால் எண்ணும் ஏறும். ஒளி திரும்பிவரும் பரப்பு இன்னொரு தொல்லை. திரும்பிய ஒளியின் மொத்த வலிமையோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவதால், கான்கிரீட்டோ புல்லோ, எண் பெரிதாக மாறாது. ஆனால் ஈரத் தரையிலிருந்து குறைவான ஒளியே திரும்பும்போது இரைச்சல் கூடி, சிறிய கசிவு அதில் மூழ்கிப்போகும். ஆக, ஒரு கருவி எவ்வளவு சிறிய கசிவைக் காணும் என்பது கருவியை மட்டும் பொறுத்ததல்ல.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை காற்று. பழுதுபார்ப்பவருக்கும் சட்டத்துக்கும் வேண்டியது மணிக்கு எத்தனை கிலோ வெளியேறுகிறது என்ற விடை. லேசர் தருவதோ ஒரு கணத்தில் வழியில் நின்ற வாயுவின் அளவு. இந்த அளவை அந்த விடையாக மாற்ற, வாயுத்தாரையின் குறுக்குவெட்டு முழுவதிலும் உள்ள வாயுவின் அளவைக் கூட்டிக் காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். வேகத்தை 20 விழுக்காடு தவறாக எடுத்தால் விடையும் 20 விழுக்காடு தவறும். பத்து மீட்டர் கம்பத்தில் அளந்த வேகமும் தரையோரம் தவழும் தாரையின் வேகமும் ஒன்றல்ல. காற்று ஓய்ந்தால் வாயு தேங்கித் திசைமாறி அலையும். பலமாக வீசினால் கலைந்து, கருவியின் பார்வைக்குக் கீழே போய்விடும்.

2018-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியமும் சேர்ந்து நடத்திய மறைசோதனையில், காண்பதற்கும் அளப்பதற்கும் உள்ள இந்த இடைவெளி வெளிப்படையாகத் தெரிந்தது. வண்டி, ட்ரோன், விமானம் என்று வந்த 10 தொழில்நுட்பங்களில் 6, சோதனைகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் கசிவு உண்டா இல்லையா என்பதைச் சரியாகக் கண்டறிந்தன. எவ்வளவு கசிகிறது என்ற கேள்வியில்தான் முன்னேற வேண்டிய தூரம் அதிகம் இருந்தது.

இதனால் களமே போதும் என்று சொல்லிவிட முடியாது. நேற்றைய காற்றை இன்று திரும்ப வரவழைக்க முடியாது. அங்கே விடை தவறினால் குற்றம் லேசரிலா, காற்றளவியிலா, கணக்கிலா என்று பிரித்தறியக் கலம் வேண்டும். செலவும் அதிகம். மெடெக்குக்குத் தினமும் போக யாராலும் இயலாது.

2024-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொண்டுவந்த விதிகள், மாற்றுக் கண்டறிமுறைகளை மணிக்கு இத்தனை கிலோ கசிவை 90 விழுக்காடு நிகழ்தகவோடு காணுமா என்று பார்த்து வகைப்படுத்துகின்றன. நிகழ்தகவை எந்தக் கலமும் தராது. வெவ்வேறு காற்றில், வெவ்வேறு அளவில், பலமுறை திறந்து மூடித்தான் அதைப் பெற முடியும். இதில் ஒரு சந்து இருக்கிறது. காற்றைக் கையாளும் கணக்கு கருவியின் மென்பொருளில் இருக்கிறது. மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் காலை, கலம் அதே 1,000 பி.பி.எம்.-மீட்டரைக் காட்டிக் கருவியைத் தேர்ச்சி பெறச் செய்யும். களத்தில் வாங்கிய எண்களோ அப்போதே பழைய கருவியின் எண்களாகியிருக்கும்.