மண்டபமும் லயமும்

மலையகத் தோட்டங்களின் சுகாதார வரலாற்றை ஆராய்வோர் ஒரு முரண்பாட்டைக் காணத் தவறார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அட்டன், நுவரெலியாத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளர், இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்ட பின்னரே கடல் கடக்க அனுமதிக்கப்பட்டனர். வாந்திபேதியும் பெரியம்மையும் மெய்யான அபாயங்களே. முந்திய நூற்றாண்டில் மன்னார்–மாத்தளை நடைப்பாதையில் அவை பலரைப் பலிகொண்டன. முகாமின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயின், அந்நோய்கள் துரைமாரின் பங்களாக்களையும் எட்டக்கூடியவை. அதனால் எழுந்த அச்சம் தொழிலாளியையே நோயாகக் கண்டது.

1916இல் றொக்பெல்லர் நிறுவன ஆதரவுடன் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம், தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் அப்புழுவாற் பீடிக்கப்பட்டிருந்தமையை வெளிப்படுத்தியது. மலசலகூடமற்ற லயங்களைச் சூழ்ந்த மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகும் இப்புழு, குடலிற் குருதியை உறிஞ்சிச் சோகையை விளைவிக்கும். கருவுற்ற பெண்களுக்கு அது பேராபத்து. மருந்து புழுவை வெளியேற்றியது. மாறாத லயச்சூழல் அதனை மீண்டும் உடலில் ஏற்றியது. மலசலகூடம் அமைப்பது தோட்ட உடைமையாளரின் செலவு. ஆகவே தயக்கம் நீடித்தது.

ஓர் அச்சம் மிகையானதா எனத் துணிய, எத்தனை பேர் மடிந்தனர் என்பதோடு, யாருக்காக அஞ்சினர் என்பதையும் கேட்டல் வேண்டும்.