மதுபோதைச் சாரதியும் சமூக நீதியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒருமுறை தவறியவனைத் தண்டிப்பதற்குச் சமூகம் அதிகம் சிந்திக்க வேண்டியதில்லை. தண்டனை பெற்ற பின்னரும் அதே தவற்றுக்குத் திரும்புபவனை எதிர்கொள்ளும்போதே அதன் நீதிக் கோட்பாடுகள் யாவும் சோதனைக்குள்ளாகின்றன. மதுவருந்தி வாகனம் செலுத்தித் தண்டிக்கப்பட்டு, மீண்டும் அவ்வாறே செலுத்துபவன் இத்தகையோருள் ஒருவன். அவன் ஒழுக்கங்கெட்டவனா, குற்றவாளியா, நோயாளியா? இவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளே அவனை நடத்திய முறைகளையும் நிர்ணயித்தன. பிரித்தானியா, ஸ்கந்திநேவிய நாடுகள், ஐக்கிய அமெரிக்கா ஆகியவற்றின் அனுபவங்களை ஆதாரமாகக் கொண்டு அவ்விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோட்டார் வாகனம் தோன்றுவதற்கு முன்னரே இவ்வினா தோன்றிவிட்டது. 1872ஆம் ஆண்டின் பிரித்தானிய மதுவிற்பனை அனுமதிச் சட்டம், குதிரை, மாடு, வண்டி, நீராவி எந்திரம் ஆகியவற்றைக் குடிபோதையிற் பொறுப்பேற்றிருப்பதைக் குற்றமாக்கிற்று. அதற்குரிய உச்சத் தண்டனை நாற்பது சிலிங் குற்றப்பணம் அல்லது ஒரு மாத மறியல். 1897ஆம் ஆண்டில் இலண்டனில் மின்சார வாடகைக் கார் ஒன்றின் சாரதி மதுபோதைக்காகத் தண்டிக்கப்பட்டார். அடுத்த ஆண்டில் நிறைவேறிய குடிவெறியர் சட்டம், ஓராண்டினுள் நான்குமுறை குடிபோதைக் குற்றம் இழைத்தவர்களைச் சீர்திருத்த நிலையங்களில் மூன்றாண்டுகள் வரை தடுத்து வைக்க வழிசெய்தது. மீண்டும் மீண்டும் தவறுபவனுக்குக் குற்றப்பணமும் குறுங்கால மறியலும் பயன்படா என்பதை அரசு ஒப்புக்கொண்டமைக்கு இச்சட்டம் சான்றாகும். ஆயினும் அந்நிலையங்களுக்கு அனுப்பப்பட்டோரிற் பெரும்பாலோர் வறிய பெண்களே என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. சீர்திருத்தத்தின் பெயரால் நிகழ்ந்தது, சமூகத்தின் கண்ணுக்கு உறுத்தலாயிருந்தோரை அகற்றிவைத்தலே எனலாம். 1921 அளவில் அந்நிலையங்கள் மறைந்தொழிந்தன.

மோட்டார் வாகனத்தின் பெருக்கம் பிரச்சினையின் வர்க்கத் தன்மையை மாற்றியது. வண்டிக்காரனைத் தண்டித்த சட்டம், இப்பொழுது வசதிபடைத்த கார்ச் சொந்தக்காரனையும் தண்டிக்க வேண்டியதாயிற்று. 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம், வாகனத்தை உரிய முறையிற் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு மதுவின் ஆட்சிக்குட்பட்டிருத்தலைக் குற்றத்தின் அளவுகோலாகக் கொண்டது. நேர்கோட்டில் நடக்கச் செய்தும், சிக்கலான சொற்களை உச்சரிக்கச் செய்தும் போதையை மதிப்பிட்ட அக்காலத்தில், சாட்சியத்தை மறுப்பது கடினமாயிருக்கவில்லை. யூரிமாரும் தாம் வாகனம் செலுத்துபவர்களாகவும் அளவோடு குடிப்பவர்களாகவும் இருந்தமையால், எதிரியின் கூண்டில் தம்மையே கண்டு விடுதலை வழங்கினர். சட்டம் இருந்தது, அதனைத் தன்மீதே பிரயோகிக்கும் மனம் சமூகத்துக்கு இருக்கவில்லை.

இந்நிலையை மாற்றியது விஞ்ஞானமாகும். சுவீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் இரத்தத்திலுள்ள அற்ககோலை அளவிடும் முறையை வகுத்தார். இதன் விளைவாக 1936இல் நோர்வே, இரத்தத்தில் 0.05 வீதத்துக்கு மேல் அற்ககோலுடன் வாகனம் செலுத்துவதையே குற்றமாக்கிற்று. சுவீடன் 1941இல் அவ்வழியைப் பின்பற்றியது. 1954இல் அமெரிக்கரான றொபேட் போர்க்கன்ஸ்ரைன் மூச்சுப் பரிசோதனைக் கருவியை உருவாக்கினார். பாபரா காசில் போக்குவரத்து அமைச்சராயிருந்தபோது நிறைவேறிய 1967ஆம் ஆண்டின் வீதிப் பாதுகாப்புச் சட்டம், நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்னும் எல்லையைப் பிரித்தானியாவில் நிறுவிற்று. 'இவன் குடிகாரனா?' என்ற கேள்வி நீங்கி, 'இவன் இரத்தத்தில் எவ்வளவு?' என்ற கேள்வி அதனிடத்தைப் பெற்றது. மனிதனின் குணத்தை எடைபோடும் பொறுப்பிலிருந்து நீதிமன்றம் விடுபட்டது.

பிரித்தானியச் சட்டத்தின் முதல் விளைவு வியக்கத்தக்கது. வீதி மரணங்கள் குறைந்தன. ஆயினும் அக்குறைவு நிலைக்கவில்லை. இதனை விரிவாக ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் லோறன்ஸ் றொஸ், சாரதிகள் தாம் அகப்படுவது நிச்சயம் என எண்ணியவரை அஞ்சினர் என்றும், அகப்படும் வாய்ப்பு உண்மையில் மிகச் சிறிதென உணர்ந்ததும் அச்சம் தேய்ந்தது என்றும் விளக்கினார். ஸ்கந்திநேவியாவின் வெற்றிக்கு அதன் கடுமையே காரணம் என்ற பரவலான நம்பிக்கையையும் 1975இல் அவர் கேள்விக்குள்ளாக்கினார். தண்டனையின் கொடுமையிலும் பார்க்க அதன் நிச்சயத்தன்மையே குற்றத்தைத் தடுக்கும் என 1764இல் இத்தாலியரான பெக்காரியா கூறிய கருத்து, இரு நூற்றாண்டுகளின் பின்னர் வீதியோரத்தில் உறுதிப்படுத்தப்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் 1982ஆம் ஆண்டு டிசெம்பரில் தொடங்கிய எழுமாற்றான மூச்சுப் பரிசோதனை, இந்நிச்சயத்தன்மையை நாள்தோறும் கண்முன் நிறுத்தும் முயற்சியாகும்.

எனினும் பொதுவான அச்சுறுத்தல் பெரும்பாலோரைத் தடுத்ததேயன்றி, திரும்பத் திரும்பத் தவறுவோரைத் தடுத்திலது. 1980இல் கலிபோர்ணியாவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி வாகனம் மோதி இறந்தாள். அதனைச் செலுத்தியவன் முன்னரும் மதுபோதைக் குற்றங்களுக்காளானவன். சில நாட்களுக்கு முன்னரே மற்றொரு விபத்துத் தொடர்பிற் கைதாகிப் பிணையில் வந்திருந்தவன். அச்சிறுமியின் தாயாரான கண்டஸ் லைற்னர் தொடங்கிய அன்னையர் இயக்கம் நாடு முழுவதும் பரவிற்று. 1988இல் கென்ரக்கி மாநிலத்தின் கரல்ரன் நகருக்கருகே, முன்னரும் இக்குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட ஒருவன் பாதையின் தவறான பக்கத்தில் வந்து பேருந்தொன்றில் மோதியதில் 27 பேர் மாண்டனர். இறந்தோருக்காகப் பேச எவருமில்லாதிருந்த நீதிமன்றத்தில் அவர்தம் குரலை ஒலிக்கச் செய்தமை அன்னையர் இயக்கத்தின் பெரும் பணியாகும். அனுமதிப்பத்திரத்தை நீக்குதல், வாகனத்தைக் கைப்பற்றல், கட்டாய மறியல் எனத் தண்டனைகள் கடுமையாகின. ஆயினும் அனுமதிப்பத்திரம் இழந்தோரிற் பலர் அதுவின்றியே தொடர்ந்து வாகனம் செலுத்தினர். மறியல் முடிந்ததும் பலர் மதுவுக்கே திரும்பினர்.

அப்படியாயின் அவன் நோயாளியா? 1968இல் பவெல் எதிர் ரெக்சஸ் வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் இவ்வினாவை எதிர்கொண்டது. தீராக் குடிநோயாளி ஒருவரைப் பொதுவிடத்திற் குடிபோதையுடன் இருந்தமைக்காகத் தண்டிக்கலாமா என்பதில் நீதியரசர்கள் ஐவருக்கு நால்வர் எனப் பிரிந்து, தண்டனையை உறுதிசெய்தனர். அன்று வீட்டுக்கு வெளியே வந்தமைக்கே எழுந்த தடுமாற்றம் அது. வாகனத்தைச் செலுத்தும் விடயத்தில் அத்தடுமாற்றத்துக்கு இடமில்லை. குடித்தல் நோயாயிருக்கலாம், குடித்தபின் திறவுகோலைத் திருப்புதல் நோயன்று. பிரித்தானியா 1983இல் இவ்விரண்டையும் இணைக்க முயன்றது. பேராபத்துக் குற்றவாளி என வகுக்கப்பட்டவர், தடைக்காலம் முடிந்தபின்னரும் வைத்தியப் பரிசோதனையில் தேறினாலன்றி அனுமதிப்பத்திரத்தை மீளப்பெற முடியாது.

அண்மைக்கால முயற்சிகளுள் இரண்டு ஆழ்ந்து நோக்கத்தக்கன. ஒன்று, சாரதியின் மூச்சில் அற்ககோல் இருந்தால் எந்திரம் இயங்காது தடுக்கும் பூட்டு. 2005இல் நியூ மெக்சிக்கோ, முதன்முறை தவறியோருக்கும் இதனைக் கட்டாயமாக்கிற்று. பூட்டு உள்ளவரை குற்றம் குறைகிறது. அகற்றியபின் அப்பயன் பெரும்பாலும் மறைகிறது என்பதே ஆய்வுகளின் முடிபு. மற்றது, சட்டத்துறை அதிபர் லறி லோங்கின் முயற்சியால் அதே ஆண்டில் தென் டக்கோட்டாவில் தொடங்கிய திட்டம். இதன்படி குற்றவாளி காலையும் மாலையும் மூச்சுப் பரிசோதனைக்கு வரவேண்டும். குடித்திருந்தால் உடனே ஓரிரு நாள் மறியல். தண்டனை சிறிது, ஆனால் தப்பமுடியாதது. 2013இல் வெளியான ஆய்வொன்று, மாவட்ட மட்டத்தில் மீளவும் இக்குற்றத்துக்காகக் கைதாவோர் தொகை 12 வீதமும், குடும்ப வன்முறைக் கைதுகள் 9 வீதமும் குறைந்தமையைக் காட்டிற்று. குடியின் கேடு வீதியோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இரண்டாவது எண் சான்று பகர்கின்றது.

இம்முறைகளும் குறையற்றனவல்ல. பரிசோதனைக்கும் பூட்டுக்கும் உரிய செலவைக் குற்றவாளியே ஏற்கவேண்டியிருப்பதால், பணமுள்ளவன் வாகனத்தோடு வாழ்கிறான். இல்லாதவன் வேலையையும் இழக்கிறான். 1898இன் அநீதி புதிய உருவில் மீளாதிருக்க வேண்டுமாயின், அச்செலவைப் பொதுப் பணத்திலிருந்து ஏற்கும் துணிவு அரசுக்கு வேண்டும். மேலும், அமெரிக்காவில் உயிர்போக்கும் விபத்துகளில் ஈடுபட்ட மதுபோதைச் சாரதிகளுள் அண்மையில் தண்டிக்கப்பட்டிருந்தோர் சிறுபகுதியினரே. எனவே பழங்குற்றவாளியை மட்டும் துரத்தும் கொள்கை பாதுகாப்பான வீதிகளை உருவாக்கமாட்டாது.

இலங்கையின் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டமும் மதுபோதையில் வாகனம் செலுத்துவதைத் தடைசெய்கின்றது. எனவே இவ்வனுபவங்கள் நமக்கு அந்நியமானவையல்ல. மேற்கூறிய வரலாறு தெளிவுறுத்துவது ஒன்று: சமூகம் கோபங்கொண்ட காலங்களிலும் இரக்கங்கொண்ட காலங்களிலும் மதுபோதைச் சாரதியைத் திருத்தியதிலும் பார்க்க, அவனை இடையறாது கண்காணித்த காலங்களிலேயே உயிர்களைக் காத்துள்ளது. கோபம் ஒரு தீர்ப்போடு முடிந்துவிடும். இரக்கம் ஒரு மன்னிப்போடு முடிந்துவிடும். கண்காணிப்போ நாள்தோறும் உழைப்பையும் செலவையும் வேண்டி நிற்பது. அவ்வுழைப்புக்கு ஆயத்தமில்லாத சமூகம் எத்துணைக் கடுமையான தண்டனையை ஏட்டில் எழுதினும், அதன் விலையைச் செலுத்துபவர் வீதியில் நடந்து செல்வோரேயாவர்.