மீரா என்றொரு பெயர்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள ஊர்களின் பழைய காணி உறுதிகளைப் புரட்டியவர்களுக்கு மீராசாகிபு, மீராலெப்பை, மீராமுகைதீன், மீராவும்மா என்ற பெயர்கள் புதியவையல்ல. எனது மூத்தாப்பாவின் பெயரும் மீராசாகிபுதான். இன்று எமது பாடசாலை இடாப்புகளில் இப்பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. தகப்பன் பெயரின் முதலெழுத்துக்குள் அது ஒளிந்துகொண்டுவிட்டது. எம்.எல். என்பதை விரித்தால் முகம்மது லெப்பை என்றும் வரலாம், மீராலெப்பை என்றும் வரலாம்.

இது கண்ணன்மீது பாடிய மீராபாயின் பெயரென்றும், முஸ்லிம்கள் வைக்கத் தகாததென்றும் எண்ணுவோர் எம்மிடையே உள்ளனர். எங்கள் குடும்பத்திலும் இது நடந்தது. மூத்தாப்பாவின் பெயரைப் பேரப்பிள்ளை ஒருவனுக்கு வைக்க முனைந்தபோது, படித்த உறவினர் ஒருவர் "அது இஸ்லாமியப் பெயரல்ல" என்று தடுத்தார். முடிவில் பிள்ளைக்கு அமீர் என்று பெயரிட்டார்கள். சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் அங்கே பெயர் மாறவேயில்லை என்பது விளங்கும்.

அமீர் என்பது கட்டளையிடுதல் என்ற பொருளுடைய அரபு வேரிலிருந்து வந்த சொல். தலைவர், தளபதி என்று பொருள்படும். கடற்படைத் தலைவரைக் குறிக்கும் அட்மிரல் என்ற ஐரோப்பியச் சொல்லும் இதன் வழி வந்ததே. பாரசீகத்தில் முதலெழுத்துத் தேய்ந்து இது மீர் ஆயிற்று. அமீரின் மைந்தன் என்ற பொருளுடைய அமீர்ஸாதா, மிர்ஸா எனச் சுருங்கியதும் இவ்வாறுதான். இந்தியாவில் நபிகளாரின் வழித்தோன்றல்களான செய்யிதுமார் மீர் என்பதை மரியாதைப் பட்டமாக வழங்கினர். அதனோடு 'ஆன்' என்ற பாரசீகப் பன்மை விகுதி சேர்ந்தால் மீரான். பன்மை இங்கு மரியாதையைக் குறிக்கும். தைமூரின் மகனான மீரான் ஷாவின் (1366–1408) பெயரிலும் இச்சொல்லே இருக்கிறது.

பாரசீகப் பட்டமொன்று தென்கிழக்குக் கரையின் மீனவர் வீடுகளுக்கும் வயற்காரர் வீடுகளுக்கும் வந்தது எப்படி? அதன் பாதை நாகூர் வழியானது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் செய்யிதுக் குடும்பமொன்றிற் பிறந்தவர். மக்கள் அவரை மீரான் சாகிபு என்றழைத்தனர். குலாம் காதிறு நாவலர் (1833–1908) அவர்மீது நாகூர்ப் புராணம் பாடினார். கடலோடிகளின் காவலராக அவரைப் போற்றும் மரபு கப்பலோடு பயணஞ்செய்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர் நினைவாகத் தர்காக்கள் எழுந்தன. சிங்கப்பூரிலுள்ளது 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியும் அவர் நினைவிடமே. அங்கு அடக்கத்தலம் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் கொடியேற்றிக் கந்தூரி நடைபெறுகிறது. கண்டி மாநகரில் மீரா மக்காம் பள்ளிவாசல் உண்டு. மக்காம் என்றால் இடம், தரிப்பிடம்.

மீரான் சாகிபு என்று விரைந்து சொல்லும் நாவில் னகரம் நழுவுகிறது, மீராசாகிபு பிறக்கிறது. பின்னர் மீரா தனித்து நின்று, மார்க்கக் கல்வியோடு தொடர்புடைய லெப்பை என்ற பட்டத்தோடும் உம்மா என்ற எமது வீட்டுச் சொல்லோடும் கூடிக்கொண்டது. அரபு வேர், பாரசீக விகுதி, தமிழ் நா ஆகிய மூன்றும் ஒரு பெயரில் அடங்கிவிட்டன. மீராபாயின் பெயரோடு ஓசை ஒத்திருப்பதால் மட்டும் இதன் வரலாறு மாறிவிடாது.

கடலுக்கு அப்பாலும் இப்பெயர் வழங்கியது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதியான பாத்திமா பீவியின் (1927–2023) தந்தை பெயர் மீராசாகிபு. 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் (1944–2019) பெயரில் னகரம் நழுவாமல் நிற்கிறது.

எம்மவர்க்கு இப்பெயர் இன்னொரு நினைவையும் தருகிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட இரு பள்ளிவாசல்களுள் ஒன்று மீரா ஜும்ஆப் பள்ளிவாசல். அந்த இரவைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒவ்வொரு வீட்டிலும் மீரா என்ற சொல் உச்சரிக்கப்படுகிறது. பள்ளிவாசலுக்குப் பொருந்தும் பெயர் பிள்ளைக்குப் பொருந்தாதென்பது எவ்வாறு?

பிள்ளைகளுக்கு அழகிய அரபுப் பெயர்கள் வைப்பதை நான் குறைகூறவில்லை. எனினும் முன்னோரின் பெயரைப் பிழையென்று தள்ளுமுன் அதன் பொருளைக் கேட்டறிவது நல்லது. ஆதம்பாவா, உதுமாலெப்பை, சேகுமதார் என இன்னும் எத்தனையோ பெயர்கள் காணி உறுதிகளிலும் விவாகப் பதிவுகளிலும் உறங்குகின்றன. ஊருக்கு ஒருவர் ஒரு கொப்பியை எடுத்து, வயோதிபர்களிடம் கேட்டு அவற்றை எழுதத் தொடங்கலாம். அவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.