பதினைந்து வயதுக்கு முதல் ஏடிவி: ஃபீனிக்ஸ் 200, டிஆர்எக்ஸ்250எக்ஸ்

நம் ஊர்க்காரர்களுக்கு ஏடிவி என்றால் கடற்கரை ரிசார்ட்டிலோ மலைவாசத்தலத்திலோ வாடகைக்குக் கிடைக்கும் தடித்த டயர் வண்டி. பத்து நிமிடம் சுற்றிவிட்டு இறங்கிவிடுவோம். அமெரிக்கக் கிராமங்களில் அது வீட்டு வண்டி. வேலி பார்க்கவும், தீவன மூட்டை இழுக்கவும், வேட்டைக்குப் போகவும், விடுமுறையில் காட்டுத்தடத்தில் ஓட்டவும் அதுதான். அப்படிப்பட்ட வீடுகளில் பிள்ளைக்குப் பதினான்கு, பதினைந்து ஆகும்போது முதல் வண்டிப் பேச்சு தொடங்கிவிடும். அடிக்கடி பழுதாகாமல் எது உழைக்கும் என்றுதான் பெற்றோர் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி. புதிதாக ஓட்டப் பழகும் பிள்ளைக்கு வண்டி எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். கட்டைவிரலை இவ்வளவு அழுத்தினால் இவ்வளவு வேகம், பிரேக்கைப் பிடித்தால் இந்த இடத்தில் நிற்கும் என்று கை தானாகக் கற்றுக்கொள்ள இடம் தர வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, அந்த வயதுக்காரர்களுக்காகப் பலரும் யோசிக்கும் இரண்டு வண்டிகளை அருகருகே நிறுத்திப் பார்க்கலாம்: போலாரிஸ் ஃபீனிக்ஸ் 200, ஹோண்டா டிஆர்எக்ஸ்250எக்ஸ்.

இரண்டிலும் ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். ஃபீனிக்ஸில் 196 சிசி, ஹோண்டாவில் 229 சிசி. இரண்டிலும் பின்சக்கரங்கள் மட்டுமே உந்தும். பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும், ரிவர்ஸும் உண்டு. எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குப் பலம் போய்ச் சேரும் வழியில்தான் இரண்டும் பிரிகின்றன. அந்தப் பிரிவுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

ஹோண்டாவுக்கு மோட்டார்சைக்கிள்தான் தாய்வீடு. அமெரிக்காவில் பனிக்காலத்தில் பைக் விற்பனை படுத்துவிடும். அந்த மாதங்களில் விற்க ஏதாவது கொடுங்கள் என்று அங்குள்ள கடைக்காரர்கள் கேட்டார்கள். ஒசாமு தகேயுச்சி என்ற பொறியாளர் பல வடிவங்களைச் சோதித்துப் பார்த்து, காற்றழுத்தம் குறைந்த பலூன் போன்ற டயர்களில் ஓடும் ஒரு மூன்று சக்கர வண்டியை உருவாக்கினார். அது 1970இல் விற்பனைக்கு வந்தது. போலாரிஸ் கதை பனியிலேயே பிறந்தது. 1954இல் மினசோட்டா மாநிலத்தின் ரோசோ என்ற சிற்றூரில் தொடங்கிய அந்த நிறுவனம், பனியில் ஓடும் ஸ்னோமொபைல்களால் பெயர் வாங்கியது. 1985இல் முதல் ஏடிவியைக் கொண்டுவந்தபோது, ஸ்னோமொபைலில் தனக்குக் கைவந்த பெல்ட் ஆட்டோமேட்டிக்கையே அதிலும் பொருத்தியது. ஹோண்டா பைக்கின் கியர்ப்பெட்டியை விடவில்லை. போலாரிஸ் பெல்ட்டை விடவில்லை. இன்று ஒரு பதின்வயதுப் பிள்ளையின் முன் நிற்கும் தேர்வு அங்கிருந்தே வருகிறது.

ஃபீனிக்ஸில் கிளட்ச் கிடையாது, கியர் மாற்றும் வேலையும் கிடையாது. முன்னே, நியூட்ரல், பின்னே, அவ்வளவுதான். இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் ஒரு ரப்பர் பெல்ட், வேகத்துக்கேற்பக் கப்பிகளின் விட்டம் மாறமாற, தானே விகிதத்தை மாற்றிக்கொள்ளும். ஓட்டுபவரின் கவனம் முழுவதும் பாதையிலும் பிரேக்கிலும் உடல் சாய்விலும் இருக்கலாம். முதல் சில மாதங்களுக்கு இது பெரிய வரம் என்றே நினைக்கிறேன். தடுமாறும் நேரத்தில் எந்தக் கியரில் இருக்கிறோம் என்று யோசிக்க வேண்டிய பாரம் பிள்ளைக்கு இல்லை.

டிஆர்எக்ஸ்250எக்ஸில் ஐந்து கியர். ஆனால் ஹோண்டா இதில் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது. கிளட்ச் லீவர் கையில் இருந்தாலும் அதைப் பிடித்தே தீர வேண்டும் என்பதில்லை. விரும்பினால் பைக் போலக் கிளட்ச் பிடித்து ஓட்டலாம். இல்லையென்றால் காலால் கியரை மட்டும் தட்டிக்கொண்டே போகலாம், எஞ்சின் அணைந்துவிடாது. இரண்டு விதமாகவும் ஓட்ட விடும் ஒரு கிளட்ச், பழகுபவருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல ஆசிரியர்களில் ஒன்று. பின்னாளில் பைக்கோ பெரிய ஸ்போர்ட் ஏடிவியோ ஓட்டப்போகும் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் வீண்போகாது.

சரிவில் இறங்கும்போது வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். கியர் வண்டியில் இரண்டாவதில் போட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டால், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி மெல்ல இறக்கும். சிறிய பெல்ட் ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில், வேகம் ஒரு அளவுக்குக் கீழே வந்ததும் கிளட்ச் விடுபட்டுவிடும்; அதன்பின் வண்டி தன் போக்கில் உருளும், எல்லாச் சுமையும் பிரேக்கின் மேல். சமவெளிப் பண்ணையில் ஓட்டும் பிள்ளைக்கு இது பொருட்டில்லை. மேற்கு வர்ஜீனியாவின் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் தடங்கள் போன்ற மலைப்பாதைகளுக்குப் போகிற குடும்பம் என்றால், இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அங்கே கியர் வண்டியின் பிடிப்பு எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

இனி உழைப்பு. இதில் ஹோண்டா தெளிவாக முன்னே நிற்கிறது. டிஆர்எக்ஸ்250எக்ஸின் எஞ்சின் பந்தயத்துக்காகப் பிறந்ததில்லை. 1997இல் வந்த ரீகான் என்ற சிறிய பண்ணை வேலை ஏடிவியிலும் இதே 229 சிசி எஞ்சின்தான். 2001இல் அதே அடித்தளத்தின் மேல் ஸ்போர்ட் உடலைப் பொருத்தி வெளியிட்டார்கள். பாரம் இழுக்க வடிவமைத்த எஞ்சினைப் பொழுதுபோக்குக்கு ஓட்டினால் அதற்குச் சிரமம் குறைவு. பின்சக்கரத்துக்குப் பலம் போவது மூடிய ஷாஃப்ட் வழியாக. செயின் இல்லாததால் எண்ணெய் போட வேண்டாம், இறுக்க வேண்டாம், சேறும் மணலும் அரித்துத் தின்னாது. ஃபீனிக்ஸில் ஒரு பெல்ட்டும் ஒரு செயினும் உண்டு. இரண்டும் தேயும், இரண்டுக்கும் கவனிப்பு வேண்டும். ஓடை கடக்கும்போது தண்ணீர் உள்ளே புகுந்தால் பெல்ட் நழுவும். காயும்வரை வண்டி இழுக்காது. இதையெல்லாம் ஃபீனிக்ஸின் குற்றம் என்று சொல்லமாட்டேன். எளிமையாக ஓட்டுவதற்காக அந்த வடிவம் கேட்கும் பராமரிப்பு இது. பிள்ளையே செயினைத் துடைத்து எண்ணெய் போடப் பழகினால் அதுவும் கல்விதான்.

ஒரு நோய் இரண்டுக்கும் பொது. இரண்டிலும் கார்புரேட்டர். அமெரிக்க பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். பனிக்காலம் முழுக்க வண்டியைக் கொட்டகையில் போட்டுவிட்டு வசந்தத்தில் எடுத்தால், கார்புரேட்டரின் நுண்துளைகளில் பழைய பெட்ரோல் பிசின்போல் உறைந்து கிடக்கும். ‘போன வருஷம் நன்றாகத்தான் ஓடியது’ என்று சொல்லப்படும் தொடக்கநிலை வண்டிகளில் பலவற்றின் சிக்கல் இதுதான். நிறுத்தும் முன் பெட்ரோலில் ஸ்டெபிலைசர் கலக்க வேண்டும், கார்புரேட்டர் கிண்ணத்தில் தங்கியதை வடித்துவிட வேண்டும், பேட்டரியை அவ்வப்போது சார்ஜ் செய்ய வேண்டும். வண்டியின் பெயரைவிட இந்த மூன்று வேலைகளும்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும்.

இவ்வளவு வரை படித்தவர் ஹோண்டாவையே வாங்கிவிடலாம் என்று நினைக்கலாம். அங்கேதான் வயது குறுக்கே வருகிறது. டிஆர்எக்ஸ்250எக்ஸின் எச்சரிக்கைப் பட்டையில் 16 வயதும் அதற்கு மேலும் என்றுதான் இருக்கும். ஃபீனிக்ஸ் 200, 14 வயது முதல் ஓட்டும் வகையைச் சேர்ந்தது.

இந்த வயதுக்கணக்கு ஒரு துயரத்திலிருந்து வந்தது. மூன்று சக்கர ஏடிவிகளால் விபத்துகள் பெருகி, அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்து, 1988இல் பெரிய தயாரிப்பாளர்களுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. 90 சிசிக்கு மேற்பட்ட வண்டி 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, உயரமான உடலோடு ஒரு குட்டி வண்டியில் முழங்கால் இடிக்க உட்காருவது அல்லது பெரியவர்கள் வண்டியை எடுத்துக்கொள்வது, இரண்டே வழிகள். பலரும் இரண்டாவதைத்தான் செய்தார்கள். பின்னர் தொழில்துறையின் தரவிதிகள் சிசியை விட்டுவிட்டு வேகத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டன. 2008ஆம் ஆண்டின் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் அந்தத் தரவிதியைக் கட்டாயமாக்கியது. அதில் இடைநிலை வகை ஒன்று உண்டு: 14 வயது முதல், ஆனால் 16 ஆகும்வரை பெரியவர் மேற்பார்வையில் மட்டும். வேக வரம்பு மணிக்கு 38 மைல், ஏறத்தாழ 61 கிலோமீட்டர். கடையிலிருந்து வரும்போது அதையும் கட்டுப்படுத்தியே தருவார்கள். 196 சிசி வண்டி ஒன்று பதினான்கு வயதுக்காரரிடம் வந்து சேர்ந்தது இந்த மாற்றத்தால்தான். உடலுக்குப் பொருந்தும் அளவும், வயதுக்குப் பொருந்தும் வேகமும் ஒரே வண்டியில் கிடைத்ததை நான் பெரிய முன்னேற்றமாகவே பார்க்கிறேன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் இதையும் ஏற்கவில்லை என்பதை மறைக்கக் கூடாது. 16 வயதுக்குக் குறைந்த யாரும் எந்த ஏடிவியையும் ஓட்ட வேண்டாம் என்பதே அவர்களின் நீண்டகால நிலைப்பாடு. நசுங்கிய உடல்களை அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பவர்களின் குரல் அது. அதைக் கேட்டுவிட்டு ஒரு குடும்பம் இரண்டு ஆண்டு காத்திருக்க முடிவு செய்தால், அதைவிடச் சரியான தேர்வு இல்லை. காத்திருக்க முடியாது, பண்ணையில் எப்படியும் பிள்ளை ஏறத்தான் போகிறது என்ற வீடுகளுக்குத்தான் மீதிப் பேச்சு.

வண்டி ஏன் கவிழ்கிறது என்பதை வாங்குமுன் புரிந்துகொள்ள வேண்டும். இந்த இரண்டு வண்டிகளிலும் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு ஆக்சிலில் பூட்டியவை. கார் திரும்பும்போது வெளிச்சக்கரம் வேகமாகவும் உள்சக்கரம் மெதுவாகவும் சுற்றும். இங்கே அது நடக்காது. வண்டி நேராகவே போக விரும்பும். ஓட்டுபவர் வளைவின் உட்பக்கம் உடலைச் சாய்த்து உள்சக்கரத்தின் பிடியைச் சமாளிக்க வேண்டும். மண்ணிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும். தார்ச்சாலையில் வழுக்காது, கவ்விப்பிடிக்கும். அப்போது உயரமான குறுகிய உடல் கவிழும். ‘தெருமுனை வரைதானே’ என்று தார்ச்சாலையில் அனுப்புவது அதனால்தான் ஆபத்து. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டாலும் இதே கதி. சாய்ந்து சமாளிக்க இருக்கையில் இடமே இருக்காது.

டிஆர்எக்ஸ்250எக்ஸ் எரிபொருளோடு ஏறத்தாழ 175 கிலோ. ஃபீனிக்ஸும் இலேசான வண்டி இல்லை. 50 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை அதைத் தன் உடலால் சாய்த்துத் திருப்ப வேண்டும். ஆகவே வயதோடு உடலளவும் பார்க்க வேண்டும். ஓரிகன் மாநிலம் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. கையைப் பிடியில் வைத்து விரல்களை நேராக நீட்டினால், நடுவிரலின் நுனிக்கணு பிரேக் லீவரைத் தாண்டி நிற்க வேண்டும். உட்கார்ந்து பாதங்களை மிதியில் வைத்தால் முழங்கால் குறைந்தது 45 டிகிரி மடங்க வேண்டும். முன்னால் குனியாமல் ஹேண்டில்பாரைப் பிடித்தால் முழங்கை மடங்கியிருக்க வேண்டும், இரு பக்கமும் கடைசிவரை திருப்பினாலும் ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் கையைவிட்டுப் போகக் கூடாது. கடையில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். எந்த மாநிலத்தில் இருந்தாலும் இதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இந்தச் சோதனையில் தேறிய 14, 15 வயதுப் பிள்ளைக்கு என் தேர்வு ஃபீனிக்ஸ்தான். ஹோண்டா அதைவிட நீண்டகாலம் உழைக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன். ஃபீனிக்ஸில் வேகத்தைப் பெற்றோர் கட்டுப்படுத்தி வைக்கலாம். இழுத்தால் எஞ்சினை அணைக்கும் கயிறும் அதில் உண்டு. சிறுவயதில் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் அந்த இரண்டு வசதிகளை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. ‘இப்போதே பெரிதாக வாங்கிவிட்டால் வளர்ந்தபின்னும் ஆகும்’ என்ற கணக்கு செருப்புக்குச் சரி. பதினாறு நிறைந்த பிள்ளைக்குப் பதிலே வேறு: ஹோண்டாவை வாங்குங்கள், பழையதானாலும் பரவாயில்லை.

பழையது வாங்கப் போனால் எஞ்சினை முதலில் தொட்டுப்பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகாததை மறைக்க விற்பவர் முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே மண் இருக்கிறதா பாருங்கள். ஃபில்டரைத் தாண்டிய மண் எஞ்சினைத் தின்றிருக்கும். முன்சக்கரங்களைப் பிடித்து ஆட்டுங்கள், டொக் டொக்கென்று ஆடினால் பேரிங்கோ பந்துமூட்டோ போய்விட்டது. இணையத்தில் பெட்டியோடு வீடுவந்து சேரும், பெயர் கேள்விப்படாத மலிவு வண்டிகளை விட்டுவிடுங்கள். அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அவற்றில் பலவற்றைத் தரவிதிக்கு உட்படாதவை என்று பெயர் சொல்லியே எச்சரித்திருக்கிறது, உதிரிபாகமும் கிடைக்காது.

ஏடிவி பாதுகாப்பு நிறுவனத்தின் பயிற்சியைப் புது வண்டி வாங்குவோருக்குப் பெரிய தயாரிப்பாளர்கள் இலவசமாகத் தருகிறார்கள். பிள்ளை அதில் பயின்று வரும்வரை சாவி பெற்றோரிடமே இருக்கட்டும். ஆக்ஸிலரேட்டரின் பக்கத்தில் ஒரு சிறிய திருகு இருக்கும். அதை முழுக்க உள்ளே திருகி வைத்து, திறந்த வயலில் எட்டுவடிவம் போடவும், சரிவில் இறங்கவும், சொன்ன இடத்தில் நிறுத்தவும் பிள்ளை பழகப் பழக, சிறிது சிறிதாக வெளியே எடுங்கள். ஹெல்மெட், கையுறை, கணுக்கால் மூடிய பூட்ஸ் மூன்றும் வண்டியின் விலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியவை.